வெஸ்னாத் விளையாட்டுக்கு இருவர் ஆடும் வரைபடம் அமைக்கும் முறை

'பேட்டில் ஃபார் வெஸ்னாத்' என்பது டேவிட் வைட் 2003ஆம் ஆண்டில் வெளியிட்டு, பின்னர் உலகெங்கும் உள்ள தன்னார்வலர்கள் வளர்த்துவரும் கட்டற்ற விளையாட்டு. எல்ஃபுகள், குள்ளர்கள், ஓர்க்குகள், டிரேக்குகள் என்று கற்பனை உலகின் இனங்கள் அறுகோணக் கட்டங்களின் மீது முறைவைத்துப் போரிடும் இந்த விளையாட்டை விலையின்றிப் பதிவிறக்கிக்கொள்ளலாம். முகப்புத் திரையிலேயே வரைபடத் தொகுப்பி இருப்பதால் வேறு மென்பொருள் எதுவும் வேண்டியதில்லை. இருவர் எதிரெதிரே ஆடுவதற்கான ஒரு வரைபடத்தை அந்தத் தொகுப்பியில் வடிவமைப்பது எப்படி என்பதை, விளையாட்டின் அடிப்படை விதிகளை ஓரளவு அறிந்தவர்களை மனத்தில் வைத்து இங்கே விளக்குகிறேன்.

தொகுப்பியைத் திறந்ததும் பெரும்பாலானோர் ஒரு மலைத்தொடரையும் ஓர் ஆற்றையும் வரைந்துவிட்டு, எஞ்சிய இடத்தில் கிராமங்களைத் தூவத் தொடங்குகிறார்கள். பார்ப்பதற்கு அழகான வரைபடம் அப்படிக் கிடைக்கலாம். ஆடுவதற்கு உகந்தது கிடைப்பது அரிது. முதல் மோதல் எந்த இடத்தில், எத்தனையாவது சுற்றில், எத்தகைய நிலத்தின் மீது நிகழப்போகிறது என்ற கேள்விக்கு விடை கண்டுவிட்டு, அந்த இடத்திலிருந்து பின்னோக்கி இரு கோட்டைகளையும் நோக்கி வரைந்துவருவதே சரியான வரிசை என்பது என் கருத்து. கீழே வரும் கணக்குகள் எல்லாம் அந்த ஒரு கேள்வியைச் சுற்றியே அமைகின்றன.

அளவும் சமச்சீரும்

புதிய வரைபடம் தொடங்கும்போது தொகுப்பி அகலத்தையும் உயரத்தையும் கேட்கும். முதல் முயற்சிக்கு 30 கட்ட அகலமும் 24 கட்ட உயரமும் போதும். இருவரும் ஆளுக்கு ஆறேழு வீரர்களோடு தொடங்கும் ஆட்டத்துக்கு இதைவிடப் பெரிய நிலம் தேவையில்லை. அகலம் கூடக்கூட, வீரர்கள் ஒருவரையொருவர் தேடி அலைவதிலேயே சுற்றுகள் கழிந்துவிடும்.

அடுத்து, இரு பக்கங்களும் ஒத்திருக்கும்படி செய்ய வேண்டும். அதற்கு இரண்டு வழிகள் உண்டு: ஒன்று கண்ணாடியில் தெரிவதுபோல் ஒரு பாதியை மறுபாதியில் திருப்பிப் போடுவது, மற்றொன்று வரைபடத்தின் நடுப்புள்ளியைச் சுற்றி 180 பாகை சுழற்றிப் போடுவது. சுழற்சியையே நான் பரிந்துரைப்பேன். கண்ணாடி முறையில் ஒருவருடைய வலுவான பக்கம் மற்றவருடைய வலுவான பக்கத்தையே நேருக்கு நேர் சந்திப்பதால், இருவரும் தத்தம் மலைகளின் மீது ஏறி அமர்ந்துகொண்டு எதிராளி இறங்கிவரட்டும் என்று காத்திருக்க நேர்கிறது. சுழற்சி முறையில் ஒருவருடைய வலுவான பக்கத்துக்கு எதிரே மற்றவருடைய பலவீனமான பக்கம் அமைகிறது. ஆகவே இருவருக்குமே ஓரிடத்தில் முன்னேறவும் வேறோரிடத்தில் தற்காக்கவும் காரணம் இருக்கிறது. ஆட்டம் தானாகவே சுழலத் தொடங்கும்.

அறுகோணக் கட்டங்களில் சுழற்சி செய்யும்போது ஒரு சிக்கலைக் கவனிக்க வேண்டும். வெஸ்னாத்தின் கட்டங்கள் செங்குத்தான நிரல்களாக அடுக்கப்பட்டுள்ளன. இரட்டைப்படை எண் கொண்ட ஒவ்வொரு நிரலும் அரைக் கட்ட அளவு கீழே இறங்கியிருக்கிறது. இதனால், அகலம் இரட்டைப்படை எண்ணாக இருந்தால் மட்டுமே சுழற்சி பிசிறின்றிப் பொருந்தும். 30 அகலம், 24 உயரம் கொண்ட வரைபடத்தில் ஒரு கட்டத்தின் இணையைக் கண்டறிய அதன் நிரல் எண்ணை 31இலிருந்தும் வரிசை எண்ணை 25இலிருந்தும் கழித்தால் போதும்: 5ஆம் நிரல், 7ஆம் வரிசையில் ஒரு கிராமம் வைத்தால் அதன் இணை 26ஆம் நிரல், 18ஆம் வரிசையில் வர வேண்டும். அகலம் ஒற்றைப்படையாக இருந்தால் இந்தக் கணக்கு ஒற்றை நிரல்களுக்கு ஒருவிதமாகவும் இரட்டை நிரல்களுக்கு ஒரு வரிசை தள்ளியும் வரும்; ஓரத்தில் ஒரு வரிசை இணையில்லாமல் தொங்கும். இடவலமாகத் திருப்பும் கண்ணாடி முறைக்கோ இதற்கு நேர்மாறாக ஒற்றைப்படை அகலம்தான் பொருந்தும். எனவே எந்த முறை என்பதை முடிவுசெய்துவிட்டே அகலத்தைத் தேர்ந்தெடுக்க வேண்டும்.

பாதி வரைபடத்தை மட்டும் வரைந்து முடித்துவிட்டு, தேர்வுக் கருவியால் அதைப் பிடித்து நகலெடுத்து, நகலைச் சுழற்றி மறுபாதியில் ஒட்டலாம். ஒட்டிய பிறகு மேற்சொன்ன கழித்தல் கணக்கைக் கொண்டு ஐந்தாறு கட்டங்களையாவது சரிபார்க்க வேண்டும். ஒரு நிரல் பிசகி ஒட்டப்பட்ட பாதி, கண்ணுக்குச் சரியாகத்தான் தெரியும்.

தொலைவைச் சுற்றுகளில் அளத்தல்

இரண்டு கோட்டைகளுக்கும் நடுவே எத்தனை கட்டங்கள் இருக்கின்றன என்பதைவிட, அவற்றைக் கடக்க எத்தனை சுற்றுகள் ஆகும் என்பதே முக்கியம். வெஸ்னாத்தில் ஆறு சுற்றுகள் சேர்ந்தது ஒரு நாள்: விடியல், காலை, பிற்பகல், அந்தி, முன்னிரவு, பின்னிரவு. மனிதர்களின் படையான லாயலிஸ்டுகளில் பெரும்பாலோர் பகல் நெறியைச் சேர்ந்தவர்கள். காலையிலும் பிற்பகலிலும் அவர்களுடைய தாக்கு 25% கூடும், இரு இரவுச் சுற்றுகளிலும் 25% குறையும். ஓர்க்குகளுக்கும், உயிர்த்தெழுந்த பிணங்களின் படையான அன்டெட்டுக்கும் இது தலைகீழ். விடியலிலும் அந்தியிலும் இவ்விரு தரப்புக்கும் மாற்றமில்லை. ஓர் ஈட்டி வீரர் ஒரு தாக்குதலில் 7 சேதம் வீதம் மூன்று முறை குத்துகிறார். பகலில் அது 9 ஆகவும் இரவில் 5 ஆகவும் மாறுகிறது. மூன்று குத்தும் பட்டால் பகலில் 27, இரவில் 15. ஏறக்குறைய இருமடங்கு வேறுபாடு இது. ஆகவே படைகள் முதன்முதலில் சந்திக்கும் நேரத்தை வரைபடம் எழுதுபவர் தற்செயலுக்கு விட்டுவிடக் கூடாது.

ஆட்டம் விடியலில் தொடங்குவதாகக் கொள்வோம். முதல் சுற்று ஆள் சேர்ப்பதில் போய்விடும். இரண்டாம் சுற்றிலிருந்து நகர்வு. சாதாரண காலாட்படைக்குப் புல்வெளியில் ஒரு சுற்றுக்கு 5 கட்டங்கள். வழியில் கிராமத்தைப் பிடிக்கும் வீரருக்கு அந்தச் சுற்றின் நகர்வு அங்கேயே முடிந்துவிடும். கோட்டைகளுக்கு இடையே 20 முதல் 22 கட்டங்கள் வரை இருந்து, வழியில் குன்றும் காடும் ஆங்காங்கே கலந்திருந்தால், முதன்மைப் படைகள் நான்காம் சுற்றில், அதாவது அந்தியில், எதிரெதிரே வந்து நிற்கும். அப்போது இரவுப் படையினர் முன்னேறுவார்கள், பகல் படையினர் பின்வாங்கிக் காப்பார்கள், விடிந்ததும் நிலைமை மாறும். இந்த ஏற்ற இறக்கம்தான் வெஸ்னாத்தின் உயிர்நாடி. கோட்டைகளை 14 கட்டத் தொலைவில் வைத்தால் மூன்றாம் சுற்றின் பிற்பகலிலேயே மோதல் வந்துவிடும். பகல் படை வேகமாகப் பாய்ந்து எதிராளியின் கோட்டை வாசலில் நிற்கும், பின்வாங்க இடமில்லாத இரவுப் படை இருட்டும்வரை தாக்குப்பிடிக்க முடியாமல் போகலாம். தொடக்க நேரத்தைத் தற்செயலாக அமைக்கும் வசதி ஆட்டம் தொடங்கும் திரையில் உண்டு என்றாலும், அதை நம்பி இந்தக் கணக்கைத் தவிர்ப்பது நல்லதல்ல.

பின்வாங்க இடம் என்பதைத் தனியாகச் சொல்ல வேண்டும். மோதல் கோட்டுக்கும் கோட்டைக்கும் நடுவே குறைந்தது இரண்டு சுற்று நகர்வுக்கான நிலம் இருந்தால்தான் பாதகமான இரு சுற்றுகளைப் பின்னோக்கி நடந்து கழிக்க முடியும். அந்த நிலத்திலும் தற்காப்புக்கு உதவும் ஓரிரு குன்றுகளும் ஒரு கிராமமும் இருக்க வேண்டும்.

கிராமங்கள்: வருமானமும் மருத்துவமும்

இணைய ஆட்டங்களில் வழக்கமாகப் பயன்படும் அமைப்பின்படி, ஒவ்வொருவரும் 100 தங்கத்தோடு தொடங்குகிறார்கள்; ஒரு சுற்றுக்கு அடிப்படை வருமானம் 2 தங்கம்; அதன் மேல் கிராமம் ஒன்றுக்கு 2 தங்கம். வீரர்களுக்குப் பராமரிப்புச் செலவும் உண்டு: ஒவ்வொருவருக்கும் அவருடைய நிலை எண்ணுக்குச் சமமான தங்கம். ஆனால் ஒவ்வொரு கிராமமும் ஒரு நிலையின் பராமரிப்பைத் தானே ஏற்றுக்கொள்கிறது. படைத்தலைவருக்குப் பராமரிப்பு கிடையாது.

இப்போது கணக்கிட்டுப் பாருங்கள். ஆளுக்கு 6 கிராமங்கள் என்றால் சுற்றுக்கு 14 தங்கம் வரும். ஓர் ஈட்டி வீரரின் விலையும் 14. அதாவது சுற்றுக்கு ஒரு மலிவான வீரர், ஆறு முதல்நிலை வீரர்கள் வரை பராமரிப்பு இல்லை, ஏழாவது வீரரிலிருந்து கை கடிக்கும். ஆளுக்கு 9 கிராமங்கள் என்றால் வருமானம் 20 ஆகும். விலை கூடிய மந்திரவாதியையும் தடையின்றிச் சேர்க்கலாம். 12 என்றால் 26 தங்கம்; வீழ்பவர்களைவிட வருபவர்கள் அதிகமாகி, களம் நெரிசலால் இறுகிப்போகும். நாம் எடுத்துக்கொண்ட அளவுக்கு ஆளுக்கு 7 அல்லது 8 கிராமங்கள் பொருத்தமாக இருக்கும். எதிராளியின் ஒரு கிராமத்தைப் பிடித்தால் அவருக்கு 2 குறைந்து நமக்கு 2 கூடுவதால், வேறுபாடு சுற்றுக்கு 4 தங்கம் என்பதையும் மறக்க வேண்டாம். மோதல் கோட்டுக்கு அருகே கைமாறக்கூடிய கிராமங்களைப் பக்கத்துக்கு இரண்டுக்கு மேல் வைத்தால், முதலில் முந்துபவரே மேலும் மேலும் செழிக்கும் நிலை உருவாகும்.

கிராமங்களை வரிசைப்படுத்தும்போது மூன்று வட்டங்களாக எண்ணிப் பார்ப்பது உதவும். முதல் வட்டம், கோட்டைக் கட்டத்திலிருந்து ஒரே சுற்றில் சென்றடையக்கூடியவை. அவற்றில் ஒன்றைத் தலைவருக்கென்றே இரண்டு மூன்று கட்டத் தொலைவில் வைக்க வேண்டும். இரண்டாம் சுற்றில் அவர் அதைப் பிடித்துவிட்டு மூன்றாம் சுற்றில் திரும்பிவந்து மீண்டும் ஆள் சேர்ப்பார். இரண்டாம் வட்டம் இரண்டு சுற்றுப் பயணம். மூன்றாவது, மோதல் கோட்டில் உள்ளவை. குள்ளர்கள் ஒரு சுற்றுக்கு 4 கட்டங்களே நகர்வார்கள் என்பதால் முதல் வட்டத்தை 5 என்ற எண்ணைக் கொண்டு கணக்கிட்டால், குள்ளர்களைக் கொண்ட நால்கன் படையைத் தேர்ந்தெடுத்தவர் மற்றவர்களைவிட ஒரு சுற்று பின்தங்கிவிடுவார். அதேபோல் குன்றுக்கு 2, மலைக்கு 3, ஆழமற்ற நீருக்கு 3 என்று மனிதர்களுக்கு நகர்வுச் செலவு உயர்வதால், வழியில் ஒரே ஒரு ஓடைக் கட்டம்கூட ஒரு கிராமத்தை ஒரு வட்டத்திலிருந்து அடுத்த வட்டத்துக்குத் தள்ளிவிடும்.

கிராமம் மருத்துவமனையும்கூட. அங்கே சுற்றைத் தொடங்கும் வீரருக்கு 8 உயிர்ப்புள்ளிகள் திரும்பும்; நஞ்சேறியவராக இருந்தால் அதற்குப் பதில் நஞ்சு நீங்கும். மனிதக் காலாட்படைக்குக் கிராமத்தில் தற்காப்பு 60%. எதிராளியின் குத்து 40% வாய்ப்பில் மட்டுமே படும். 7 சேதம் வீதம் மூன்று குத்து குத்தும் ஈட்டி வீரர், இப்படிப்பட்ட ஒருவரை மாற்றமில்லாத வேளையில் தாக்கினால் சராசரியாக 8.4 சேதமே விளைவிப்பார். அதாவது கிராமத்தில் நிற்பவரை ஒரே ஒருவர் மட்டும் தாக்கிக்கொண்டிருந்தால், அடித்ததெல்லாம் அடுத்த சுற்றில் ஏறக்குறைய ஆறிவிடுகிறது. ஆகவே ஒரு கிராமத்தை வைக்கும்போது, அதைச் சுற்றியுள்ள ஆறு கட்டங்களில் எத்தனை கட்டங்களிலிருந்து எதிராளி தாக்க முடியும் என்று எண்ணியே தீர வேண்டும். மூன்று கட்டங்கள் திறந்திருந்தால் அது பிடிக்கக்கூடிய கிராமம். ஒரு கட்டம் மட்டும் திறந்து மற்றவை கடக்க முடியாத பாறைகளாக இருந்தால் அது கிராமம் என்ற பெயரில் இருக்கும் இரண்டாவது கோட்டை. திறந்த கட்டங்கள் ஆழமற்ற நீராக இருந்தால் இன்னொரு விளைவு உண்டு: நீரில் நிற்கும் மனிதருக்குத் தற்காப்பு 20% மட்டுமே என்பதால், தாக்க வந்தவரே பதிலடியில் கூடுதல் சேதம் வாங்கிக்கொண்டு திரும்புவார். ஆனால் கடல்மாந்தருக்கு அதே நீரில் 60% தற்காப்பு. ஆற்றங்கரைக் கிராமம் ஒன்று, எதிரே நிற்பது எந்தப் படை என்பதைப் பொறுத்து இப்படி முழுவதுமாக மாறிவிடுகிறது. ஒரு பக்கத்துக்கு ஒன்று போதும்.

மோதல் கோட்டின் நிலம்

இந்தப் பகுதியில்தான் அதிக நேரம் செலவிட வேண்டும். முதலில் கோட்டின் அகலம். முதல்நிலையோ அதற்கு மேற்பட்ட நிலையோ உள்ள ஒவ்வொரு வீரரும் தம்மைச் சுற்றியுள்ள ஆறு கட்டங்களையும் கட்டுப்படுத்துகிறார். அந்த வளையத்துக்குள் நுழையும் எதிரியின் நகர்வு அந்தச் சுற்றுக்கு அங்கேயே நின்றுவிடும். எனவே ஒரு வீரர் மூன்று கட்ட அகலத்தைத் தடுக்க முடியும்; இருவர் நடுவே இரண்டு கட்டங்கள் விட்டு நின்றால் ஆறு கட்ட அகலத்தைத் தடுப்பார்கள். இதைத் தலைகீழாக்கினால் வரைபடம் எழுதுபவருக்கு வேண்டிய விதி கிடைக்கிறது: கடக்கக்கூடிய மொத்த அகலத்தை மூன்றால் வகுத்தால், அதைத் தடுக்கத் தேவையான ஆட்களின் எண்ணிக்கை வரும். 100 தங்கத்துக்கு ஆறு பேர் கிடைக்கும் ஆட்டத்தில், கோட்டின் அகலம் 9 கட்டங்களே என்றால் மூவர் வழியை அடைத்துவிட்டு மற்ற மூவர் பின்னால் ஓய்வெடுத்து மாறிமாறி முன்வரலாம், ஊடுருவவே முடியாது. 24 கட்டங்கள் என்றால் எட்டுப் பேர் வேண்டும். எங்காவது ஓர் இடைவெளி இருந்தே தீரும், அந்த இடைவெளியைத் தேடும் ஆட்டமே விறுவிறுப்பைத் தரும். நம் வரைபடத்தின் உயரமும் 24 என்பதால், இரு கோட்டைகளை இடமும் வலமுமாக வைத்து, நடுவே இரண்டு மூன்று இடங்களில் மட்டும் கடக்க முடியாத பாறைகளை வைத்து, 18 முதல் 20 கட்டங்கள் வரை திறந்துவைப்பது நல்ல தொடக்கம்.

அடுத்து, எந்த நிலம் எங்கே என்பது. ஒரே கட்டம் ஒவ்வோர் இனத்துக்கும் ஒவ்வொரு விதமாகப் பயன்படுகிறது. மனிதக் காலாட்படைக்குப் புல்வெளியில் 40%, காட்டிலும் குன்றிலும் 50%, மலையில் 60% தற்காப்பு. குள்ளர்களுக்குப் புல்வெளியிலும் காட்டிலும் 30% மட்டுமே. ஆனால் குன்றில் 60%, மலையில் 70%. குதிரைப்படை மலையில் ஏறவே முடியாது, காட்டில் தடுமாறும். எல்ஃபுகள் காட்டில் புல்வெளியில் நடப்பதைப் போலவே நடப்பார்கள். அவர்களுக்குக் கிடைக்கும் மிகச் சிறந்த தற்காப்பும் அங்கேதான். டிரேக்குகளுக்கு எங்கே நின்றாலும் 40%க்கு மேல் கிடைப்பதில்லை. ஆனால் பெரும்பாலானவை பறப்பதால் நிலத்தைப் பற்றி அவ்வளவாகக் கவலைப்படுவதுமில்லை. ஆட்டக்காரர் இருவரும் எந்தப் படையைத் தேர்ந்தெடுப்பார்கள் என்பது முன்கூட்டியே தெரியாது. எனவே ஒவ்வொரு படைக்கும் கோட்டின் எங்காவது ஓரிடத்தில் ஆதாயமும் வேறோரிடத்தில் இடைஞ்சலும் இருக்கும்படி நிலங்களைக் கலக்க வேண்டும். நடுப்பகுதி முழுவதும் மலையானால் நால்கன்களின் திருவிழா. முழுவதும் புல்வெளியானால் குதிரைகளும் டிரேக்குகளும் மட்டுமே மகிழும்.

கலப்பது என்றால் கைபோன போக்கில் தூவுவதல்ல. நல்ல தற்காப்புக் கட்டம் ஒவ்வொன்றையும் பார்த்து, 'இதில் நிற்பவரை எந்தக் கட்டத்திலிருந்து தாக்குவார்கள்?' என்று கேட்க வேண்டும். சுற்றிலும் வெறும் புல்வெளி சூழ்ந்த ஒற்றை மலைக் கட்டத்தில் ஒரு குள்ள வீரர் ஏறி நின்றால், அவர் மீது 30% வாய்ப்பில்தான் அடி விழும்; தாக்குபவர்களோ புல்வெளியில் 40% தற்காப்போடு நின்று பதிலடி வாங்குவார்கள். மந்திரத் தாக்குதல் எந்த நிலத்திலும் 70% வாய்ப்பில் படும் என்பதால் மந்திரவாதிகளைக் கொண்டு அவரை இறக்கலாம். ஆனால் ஒரு கட்டத்துக்காக இரு ஆட்டக்காரரும் மந்திரவாதிகளையே வாங்கிக் குவிக்கும்படி ஆவது வரைபடத்தின் குறைதான். அந்த மலைக்கு எதிரே ஒன்றிரண்டு குன்றுக் கட்டங்களையோ காட்டுக் கட்டங்களையோ வைத்தால் தாக்குபவருக்கும் கால் ஊன்ற இடம் கிடைக்கும். பொதுவாக, தற்காப்பவரின் கட்டம் தாக்குபவரின் கட்டத்தைவிடச் சற்றே மேலானதாக இருக்கலாம். இரண்டு படி மேலானதாக இருக்கக் கூடாது. மலைக்கு ஒட்டினாற்போல் கிராமம் வைப்பதை அறவே தவிர்க்க வேண்டும். காயம்பட்டவர் கிராமத்துக்கும் புதியவர் மலைக்குமாக மாறி மாறி நின்று ஆட்டத்தை உறைய வைத்துவிடுவார்கள்.

ஆறு வரையும்போது பாலமும் துறையும் (ஆற்றை நடந்தே கடக்கும் இடம்) வேறு வேறு விளைவு தருபவை அல்ல என்று எண்ண வேண்டாம். இரண்டிலும் நிலப்படை புல்வெளியில் நிற்பதைப் போலவும் நீர்ப்படை தண்ணீரில் இருப்பதைப் போலவும் நிற்கும் என்பது உண்மையே. ஆனால் பாலம் பெரும்பாலும் ஒற்றைக் கட்ட அகலத்தில் வரையப்படுவதால் அடைப்பாக மாறுகிறது. துறையை மூன்று நான்கு கட்ட அகலத்துக்குப் பரப்ப முடியும். கோட்டில் ஒரு பாலத்தை மட்டும் வைத்து மீதி எல்லாம் ஆழ்கடலாக்குவது, இந்த விளையாட்டில் சலிப்பூட்டும் வரைபடத்துக்கு மிகச் சுருக்கமான வழி.

இவற்றோடு, கோட்டின் ஒரு ஓரத்தில் தொலைவான மூன்றாவது பாதை ஒன்றையும் வைக்கலாம். காலாட்படைக்கு அது பயன்படாத சுற்றுவழியாக இருக்கும். ஒரு சுற்றுக்கு 8 கட்டம் ஓடும் குதிரைப்படைக்கும் ஓநாய் வீரர்களுக்கும் பின்புறக் கிராமங்களைக் கொள்ளையிடும் வழியாக இருக்கும். அதைத் தடுக்க எதிராளி ஒருவரை ஒதுக்க வேண்டி வரும். அந்த ஒருவர் முதன்மைக் களத்தில் இல்லாமல் போவதுதான் இந்தப் பாதையின் பயன்.

கோட்டை

தலைவர் உட்கோட்டைக் கட்டத்தில் நின்றால்தான் ஆள் சேர்க்க முடியும். அதோடு தொடர்ந்திருக்கும் வெளிக்கோட்டைக் கட்டங்களில் புதிய வீரர்கள் தோன்றுவார்கள். ஆறு வெளிக்கோட்டைக் கட்டங்கள் இருந்தால் 100 தங்கத்தை முதல் சுற்றிலேயே செலவிட இயலும். அவற்றை உட்கோட்டையைச் சுற்றி வட்டமாக அமைக்காமல், இரண்டு கட்டங்களை ஒரு பக்கக் கிராமங்களை நோக்கியும் இரண்டை மறுபக்கம் நோக்கியும் நீட்டிவிட்டால், எந்த வீரரை எந்தக் கட்டத்தில் சேர்ப்பது என்பதே ஆட்டக்காரருக்கு ஒரு முடிவாகிவிடும். தொடக்க இடக் கருவியைக் கொண்டு இரு உட்கோட்டைகளிலும் முதல் ஆட்டக்காரர், இரண்டாம் ஆட்டக்காரர் என்று குறிக்க வேண்டும். இதை விட்டுவிட்டால் வரைபடம் ஆட்டத்துக்கு உதவாது.

வண்ணம் தீட்டுதல்

கணக்குகள் முடிந்த பிறகே அழகு. பசும்புல்லையும் காய்ந்த புல்லையும், பைன் காட்டையும் இலையுதிர் காட்டையும் மாற்றி மாற்றிப் போடுவதால் விதிகளில் எந்த மாற்றமும் வராது; ஆகவே இங்கே தாராளமாக இருக்கலாம். பூக்கள், சிறு கற்கள் போன்ற அலங்காரங்களும் அப்படியே. காளான் தோப்பு மட்டும் அலங்காரமல்ல, தனி விதிகள் கொண்ட நிலம். வண்ணக் கருவியைப் பயன்படுத்தும்போது ஷிஃப்ட் விசையை அழுத்திக்கொண்டால் அடித்தள நிலம் மட்டும் மாறும்; மேலே உள்ள காடோ கிராமமோ அப்படியே இருக்கும். கன்ட்ரோல் விசையோடு சொடுக்கினால் சுட்டியின் கீழுள்ள நிலத்தைத் தூரிகை எடுத்துக்கொள்ளும். இவ்விரண்டையும் பழகிக்கொண்டால் வேலை பாதியாகும். அழகுக்காகச் செய்யும் மாற்றம் எதுவும் ஒரு குன்றையோ காட்டையோ புதிதாகச் சேர்த்துவிடாமல் மட்டும் பார்த்துக்கொள்ள வேண்டும். வெறுமையாகத் தெரிகிறது என்று கடைசி நேரத்தில் வைக்கப்படும் ஒரு மரக்கூட்டம் எல்ஃபுகளுக்கு ஓர் அரணாகிவிடும்.

ஆடிப் பார்த்தல்

சேமித்த வரைபடம், பலர் ஆடும் ஆட்டத்தை உருவாக்கும் திரையில் தெரியும். கணினியை எதிராளியாக வைத்து ஆடினால் தொடக்க இடங்கள் சரியா, எட்ட முடியாத கிராமம் உண்டா போன்றவை தெரியவரும். அதற்கு மேல் அது உதவாது. வெஸ்னாத்தின் கணினி ஆட்டக்காரர் நேரம் பார்த்துப் பின்வாங்குவதில் வல்லவரல்ல, முன்னால் தெரிவதைத் தாக்கவே விரும்புவார். சமநிலையை அறிய மனிதர்கள்தான் வேண்டும். யாரும் கிடைக்காவிட்டால் ஒரே கணினியில் இரு பக்கத்தையும் தாமே மாறி மாறி ஆடிப் பார்ப்பதும் பயன் தரும்.

ஆடும்போது வெற்றி யாருக்கு என்பதைவிடக் கவனிக்க வேண்டியவை வேறு. முதல் அடி விழுந்தது எந்தச் சுற்றில்? நீங்கள் நினைத்த கோட்டில்தானா? ஒவ்வோர் ஆட்டமும் அதே நான்கு கட்டங்களைச் சுற்றியே நடக்கிறதா? இரவில் பின்வாங்கியவர் பகலில் திரும்பி வந்தாரா, அல்லது முதல் பின்வாங்கலே தோல்வியானதா? யாரும் ஒருமுறைகூடக் காலடி வைக்காத நிலம் எங்கே இருக்கிறது? கடைசிக் கேள்விக்கு விடையாக வரும் பகுதியைத் தயங்காமல் வெட்டிவிடலாம். வரைபடம் சிறுத்தால் ஆட்டம் கூர்மையாகும். ஆட்டம் உறைந்துபோனால் கோட்டிலுள்ள தற்காப்புக் கட்டங்களில் சிலவற்றைப் புல்வெளியாக்க வேண்டும். ஒருவர் ஐந்தாம் சுற்றுக்குள் வீழ்ந்துவிட்டால் கோட்டைகளை இன்னும் இரண்டு கட்டம் விலக்க வேண்டும். ஒரே நேரத்தில் இரண்டு மாற்றங்கள் செய்தால் எது வேலை செய்தது என்று தெரியாது.

முதலில் நகர்பவருக்கு, நடுவிலுள்ள நல்ல கட்டங்களை முந்திப் பிடிக்கும் வாய்ப்பு உண்டு. அதனால்தான் சில வரைபடங்களில் இரண்டாம் ஆட்டக்காரருக்கு ஒரு கட்டம் சாதகமாகச் சமச்சீரைச் சற்றே குலைக்கிறார்கள். இதில் அவசரம் வேண்டாம். பல்வேறு படைகளைக் கொண்டு, நிகரான திறமையுள்ளவர்கள் ஆடிய பிறகும் முதல் ஆட்டக்காரரே தொடர்ந்து முந்தினால் மட்டும் அவருடைய தொலைதூரக் கிராமம் ஒன்றை ஒரு கட்டம் தள்ளிவைத்துப் பார்க்கலாம்.

கிராம வருமானம், தொடக்கத் தங்கம், நேரம் ஆகியவற்றை ஆட்டம் நடத்துபவரின் விருப்பத்துக்கு விடாமல் வரைபடத்தோடு பிணைக்க விரும்பினால், அதற்கென ஒரு காட்சிக் கோப்பு எழுத வேண்டும். வெஸ்னாத்தின் குறிமொழி எளியது, விளையாட்டோடு வரும் இருவர் வரைபடங்களின் கோப்புகளைத் திறந்து பார்த்தே பெரும்பகுதியைக் கற்றுக்கொள்ளலாம். பிறகு விளையாட்டின் உள்ளிருந்தே துணைநிரல் வழங்கியில் பதிவேற்றலாம். அங்கே ஏற்றப்படும் படைப்பு கட்டற்ற உரிமத்தின் கீழ் வருவதால், வேறொருவர் அதை எடுத்துத் திருத்தி வெளியிடும் உரிமையும் பெறுகிறார். விளக்கக் குறிப்பில் எத்தனை பேர் ஆடலாம், ஆளுக்கு எத்தனை கிராமங்கள், எந்த வருமான அமைப்பில் சோதிக்கப்பட்டது என்ற மூன்றையும் எழுதிவைத்தால், ஆடிவிட்டுக் கருத்துச் சொல்பவர்கள் உங்கள் கணக்கையே அடிப்படையாகக் கொண்டு பேசுவார்கள்.